எஸ்.எம்.பி.எஸ். லேபிளில் ஒரு மின்னோட்டவியல் பாடம்

பாடக் காணொலி தயாரிக்கும் ஆசிரியர்கள் இப்போது பல பள்ளிகளில் இருக்கிறார்கள். எடிட்டிங் வேகமாக நடக்க வேண்டும் என்று சொந்தக் கணினிக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்குகிறவர்கள், மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மறந்துவிடுகிறார்கள். ரெண்டர் ஓடும்போது கணினி சட்டென்று அணைந்தால்தான் அதன் நினைவு வருகிறது. திருநின்றவூரிலிருந்து ரயிலேறி ரிச்சி தெருவுக்குப் போய்க் கேட்டால், "500 வாட் போதும் சார்" என்பார்கள். எந்த 500 வாட் என்பதே கேள்வி. பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் அலகே இதற்கு விடை சொல்லும்.

எஸ்.எம்.பி.எஸ்., 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்னோட்டமாக மாற்றுகிறது. பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட்டையே நம்பியுள்ளன. எனவே பெட்டியின் பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். கொட்டை எழுத்தில் 450 வாட் என்றிருக்கும் மலிவுப் பெட்டியில் அது 16 ஆம்பியர்தான் என்றால், திறன் 12 × 16 = 192 வாட். மீதி வாட்டெல்லாம் கார்டுக்கு உதவாத கணக்கு. நல்ல 550 வாட் பெட்டியில் 45 ஆம்பியர் இருக்கும். அதாவது 540 வாட். 12 வோல்ட் இரண்டு வரிசைகளாக இருந்தால் ஆம்பியர்களைக் கூட்டிவிடாதீர்கள்; இரண்டுக்கும் சேர்த்து லேபிளில் தந்துள்ள வாட் எண்ணே கணக்கு.

தேவையையும் கணக்கிடுவோம். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு 170 வாட். ஐ5 12400 பிராசஸர் உச்சத்தில் 117 வாட். மதர்போர்டு, ரேம், விசிறிகளுக்குத் தோராயமாக 60. மொத்தம் 347. கண நேரத்துக்கு இழுவை இதையும் தாண்டும் என்பதால்தான் என்விடியா இந்தக் கார்டுக்கு 550 வாட் பரிந்துரைக்கிறது.

அடுத்து இணைப்பு. மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் தரும். 6 பின் கேபிள் 75, 8 பின் கேபிள் 150. கேபிள் இல்லாத பெட்டிக்கு மாற்று இணைப்பான் வைத்து ஒப்பேற்றுவது ஆபத்து. வயர் சூடாகி உருகலாம். பழைய பெட்டியை மாற்ற முடியாதவர்களுக்கு, தனிக் கேபிள் கேட்காத 75 வாட் ஜிடிஎக்ஸ் 1650 மாடல்கள் உண்டு. எடிட்டிங்குக்கு அதுவே தாராளம் என்பது என் கருத்து.

"550 வாட் போட்டால் கரண்ட் பில் ஏறுமே?" என்று கேட்பார்கள். 15 ஆம்பியர் பிளக்கில் செல்போன் சார்ஜரைச் செருகினால் 15 ஆம்பியரா ஓடுகிறது? கணினி கேட்பதைத்தான் பெட்டி தரும். வீணாவது பயனுறுதிறனைப் பொறுத்தது. கணினிக்கு 300 வாட் தேவை, பயனுறுதிறன் 80 விழுக்காடு என்றால் சுவரிலிருந்து 375 வாட் போகும். 75 வாட் வெப்பமாகும். '80 பிளஸ்' முத்திரை இதற்காகத்தான்.

யு.பி.எஸ்.ஸையும் பாருங்கள். 600 விஏ என்று விற்பவை பலவும் 360 வாட்தான் தாங்கும்.

வகுப்பில் இரண்டு லேபிள்களின் படங்களைக் கொடுத்து 12 வோல்ட் திறனைக் கணக்கிடச் சொல்லலாம். பழுதான பெட்டியையே கொண்டுபோனாலும் திருகைக் கழற்ற விடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளிருக்கும் மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.