பத்துப் புத்தகம் கேட்ட மருமகளுக்கு

அன்புள்ள மருமகள் கயலுக்கு,

அத்தை எழுதுவது. மாமாவுக்கு இருமல் பரவாயில்லை.

ஓசூரில் உங்கள் ஆபீஸ் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, அவரவர் என்ன படிக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்துபோயிற்று. முதல் வாரம் பேச வேண்டியவள் நீ என்பதால், எல்லாரும் கட்டாயம் படிக்கவேண்டிய பத்துப் புத்தகங்களின் பெயரைக் கேட்டிருக்கிறாய். கிளை நூலக மேசையில் பாதி ஆயுசைக் கழித்தவளுக்கு இது பெரிய வேலையா என்று நினைத்திருப்பாய். ஆனால் பட்டியல் அனுப்பப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாமல் மேலே படி.

நூலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அலமாரிப் பக்கமே போகமாட்டார்கள். அன்று திரும்பி வந்த புத்தகங்கள் அடுக்காமல் என் மேசை ஓரத்தில் கிடக்கும். அதைத்தான் கிளறுவார்கள். பின்னட்டையைத் திறந்து தேதிச் சீட்டைப் பார்ப்பார்கள். முத்திரை நெருக்கமாக விழுந்திருந்தால் எடுப்பார்கள். சீட்டு வெள்ளையாக இருந்தால் வைத்துவிடுவார்கள். சிலர் தாம் படித்ததற்கு அடையாளமாக உள்பக்கம் ஒன்றில் பென்சிலால் சின்னச் சுழி போட்டுவைப்பார்கள், மறந்துபோய் மறுபடி எடுத்துவிடக் கூடாதே என்று. ரமணிசந்திரன் நாவல்களில் அப்படி ஏழெட்டுச் சுழி இருக்கும். போகப்போக யார் சுழி எது என்பது மற்றப் பெண்களுக்கும் பிடிபட்டுவிட்டது. “இது போஸ்ட்மேன் வீட்டு அக்கா போட்டது, அவங்க படிச்சா நல்லாத்தான் இருக்கும்” என்று எடுத்துக்கொண்டு போவார்கள். விமர்சனம், மதிப்புரை எதையும் பார்த்தவர்கள் இல்லை. அந்த அக்காவைத் தெரியும், அவ்வளவுதான்.

நீ கேட்ட பட்டியலில் அந்த அக்கா இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்பதும் அதில் இல்லை. ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிகளைப் பற்றிய நாவல். அருமையான நாவல், சந்தேகமே இல்லை. உப்பள வேலைக்குப் போய்வந்த ஒருத்தி உறுப்பினராகச் சேர்ந்தபோது, பக்கத்தில் நின்ற தமிழ் வாத்தியார் ஒருவர் அதையே எடுத்து அவள் கையில் திணித்தார். அடுத்த நாளே கொண்டுவந்து வைத்துவிட்டாள். “பகல் பூரா இதத்தானக்கா பாக்கேன், ராத்திரியும் உப்பேதானா?” என்றாள். பொன்னியின் செல்வன் முதல் பாகத்தை வாங்கிக்கொண்டு போனவள், ஐந்து பாகத்தையும் முடித்துவிட்டுத்தான் வேறு புத்தகத்தைத் தொட்டாள். வாத்தியாருக்கு வருத்தம். எனக்கு இல்லை.

அதனால் யாருக்கும் ஒரு புத்தகத்தைச் சொல்லுமுன் இரண்டு கேள்வி கேள். கடைசியாக எதை விரும்பிப் படித்தீர்கள்? எங்கே, எந்நேரம் படிப்பீர்கள்? கம்பெனி பஸ்ஸில் நின்றுகொண்டே படிக்கிறவனிடம் தலையணை கனத்தில் ஒன்றைக் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ மெலிசான புத்தகம். சென்னையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு அலைந்தவர்கள் யாராவது உங்கள் கூட்டத்தில் இருந்தால், அதன் நாயகி ஜமுனாவை அவர்களுக்குப் பத்துப் பக்கத்துக்குள் பிடித்துவிடும். (உப்புக்காரியிடம் பலிக்காதது இங்கே பலிக்குமா என்று கேட்பாய். அதனால்தான் ஆளைப் பார் என்கிறேன்.) அப்பாவை இழந்த உன் தோழிக்கு, சாவைப் பற்றி எதையும் எடுத்துக்கொண்டு போகாதே. தேவனின் ‘துப்பறியும் சாம்பு’வைக் கொடு. சிரித்தால் சிரிக்கட்டும், இல்லாவிட்டால் மூடி வைக்கட்டும்.

பட்டியல் போட்ட பெரியவர்களும் உண்டு. விமர்சகர் க.நா.சு. வாழ்நாளெல்லாம் அதைத்தான் செய்தார். அவர் எழுதிய ஒரு நூலின் பெயரே ‘படித்திருக்கிறீர்களா?’ என்பது. இவர் தேறுவார், இவர் தேறமாட்டார் என்று அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போனார். ஊரே சண்டைக்கு வந்தது. அந்தப் பட்டியலுக்குப் பின்னால் திட்டு வாங்கத் தயாராக ஒரு ஆள் நின்றார். சொன்னதோடு விடாமல், லாகர்க்விஸ்டின் ‘பாரபாஸ்’ நாவலை ‘அன்பு வழி’ என்றும், ஹாம்சனின் நாவலை ‘நிலவளம்’ என்றும் தானே தமிழில் கொண்டுவந்தார். அப்படி நிற்க உனக்குத் துணிவிருந்தால் நீயும் போடு. நான் எழுதிக் கொடுத்து நீ வாசிக்கிற பட்டியலுக்காக யாரும் உன்னிடம் சண்டைக்கு வரமாட்டார்கள்.

ஒரு ஆள் இன்னொரு ஆளிடம் சொல்லிச்சொல்லியே பிழைத்த புத்தகம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. சிங்கம்புணரிக்காரர். சின்ன வயதிலேயே பிழைப்புக்காக இந்தோனேசியாவின் மேடான் நகரத்துக்குப் போனவர். யுத்தம் முடிந்து ஊர் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில் தனியாளாகவே காலம் கழித்தார். ஜப்பான்காரர்கள் நுழைந்த மேடான், பினாங்கு, நேதாஜியின் படை என்று விரிகிற அந்த நாவலுக்குப் பதிப்பாளர் கிடைக்கவே வருஷக்கணக்காயிற்று. 1972-இல் வெளிவந்தும் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அவர் இலக்கியக் கூட்டங்களுக்குப் போகிறவரும் இல்லை, தன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறவரும் இல்லை. படித்த சிலர் விடாமல் அடுத்தவரிடம் சொன்னார்கள். பிரதி கிடைக்காத காலத்தில் இரவல் வாங்கிப் படித்தார்கள், ஜெராக்ஸ் எடுத்தார்கள். 1997-இல் அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் பதிப்புக்கு மேல் பதிப்பாக வந்தது. இன்றைக்குத் தமிழின் முக்கியமான நாவல்களைச் சொல்கிறவர்கள் அதை விட்டுவிட்டுச் சொல்வதில்லை. முன்னாலேயே இன்னும் நாலு பேர் சொல்லியிருந்தால் அந்த மனிதர் காதிலும் விழுந்திருக்குமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

பேசும்போது கதையைச் சொல்லாதே. கூட்டம் கெடுவது அதனால்தான். திருநெல்வேலியில் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்தில் ரசிகமணி டி.கே.சி. கம்பனின் ஒரே பாட்டை வைத்துக்கொண்டு நேரம் போவது தெரியாமல் பேசுவாராம். திரும்பத் திரும்பச் சொல்லி, கேட்கிறவர் நாக்கிலேயே ஏற்றிவிடுவாராம். உனக்குப் பிடித்த ஒரு பக்கத்தை எடுத்துவைத்துக்கொண்டு நிதானமாக வாய்விட்டுப் படி. பிறகு புத்தகத்தைக் கைமாற்றிப் பார்க்கவிடு. போதும்.

பாதியில் நிறுத்தியதையும் சொல். படிக்கிறாற்போல் காட்டிக்கொள்ள மேசைமேல் வைத்திருப்பதைச் சொல்லாதே; உடனே தெரிந்துவிடும். ராஜேஷ்குமார் கிரைம் நாவல் படிக்கிற பையனைப் பார்த்து எவராவது உதட்டைப் பிதுக்கினால் நீ அங்கேயே தடுத்துவிடு. இல்லாவிட்டால் அடுத்த வாரம் அவன் வரமாட்டான். இரவல் கொடுத்தால் நோட்டில் பெயரும் தேதியும் எழுதிக்கொள். “படிச்சாச்சா, படிச்சாச்சா” என்று மட்டும் நச்சரிக்காதே.

நான் இப்போது என்ன படிக்கிறேன் என்று நீ கேட்கவே இல்லை, பார்த்தாயா? தாராசங்கர் பானர்ஜியின் ‘ஆரோக்கிய நிகேதனம்’, த.நா. குமாரஸ்வாமி தமிழில். ஏற்கெனவே படித்ததுதான். நாடியைப் பிடித்தே சாவு வரும் நாளைச் சொல்லிவிடுகிற கிழட்டு வைத்தியர் ஜீவன் மஷாய். இளவயதில் அவர்மேல் எரிச்சலாக வந்தது, பெற்ற மகனின் நாடியைப் பார்த்துக்கூடவா சொல்வார் ஒருவர் என்று. இப்போது மாத்திரை டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிறேன். எரிச்சல் அவரோடு மோதுகிற இளம் டாக்டர்மேல் வருகிறது. மாமாவிடம் சொன்னேன், “எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள்” என்றுவிட்டார். உனக்கும் இப்போது வேண்டாம்.

ராத்திரி ஷிப்டில் யாரோ ஒரு பையன் கன்னட நாவல் ஒன்றைத் தமிழில் படித்துவிட்டு அதையே பேசிக்கொண்டிருக்கிறான் என்று எழுதினாயே, அது என்ன நாவல்? பெயரையும் மொழிபெயர்த்தவர் யார் என்பதையும் கேட்டு எழுது. பொங்கலுக்கு வரும்போது அவனிடம் இரவல் கேட்டு வாங்கிக்கொண்டு வா. அட்டை போட்டுப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அத்தை