இயோசினோபில் கூடினால் பூச்சி மட்டும்தானா?



ரத்தப் பரிசோதனைத் தாளில் ‘இயோசினோபில் அதிகம்’ என்று இருந்தால், “வயித்துல பூச்சி, மருந்து குடிச்சா சரியாப் போயிடும்” என்கிறோம். பல நேரம் அது உண்மைதான். செருப்பில்லாமல் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு ஏறும். ஆஸ்துமா, சில மருந்துகளின் ஒவ்வாமை ஆகியவற்றாலும் கூடும். ஆனால், வயதானவர்கள் அறிய வேண்டிய இன்னொரு காரணமும் உண்டு.

இயோசினோபில் என்பது வெள்ளணுக்களில் ஒரு வகை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்கு மேல் போனால் அதிகம் என்பார்கள்.

சிகரெட், ரத்தக் கொதிப்பு, இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இருதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயின் உட்சுவரில் கொழுப்பு படியும். அந்தப் படிவு உடைந்தால், கொலஸ்ட்ரால் துகள்கள் ரத்தத்தோடு ஓடி, சிறு குழாய்களை அடைத்துவிடும். அடைத்த இடம் புண்பட்டு வீங்கும். அப்போது இயோசினோபிலும் கூடலாம். இது தானாகவும் வரும். குழாய் விட்டுப் பார்க்கும் ‘ஆஞ்சியோகிராம்’ அல்லது இருதய ஆப்பரேஷன் முடிந்து சில நாளிலோ, சில வாரத்திலோ வரும்.

கவனிக்க வேண்டியவை:

1. கால்விரல் நீலமாகி வலிப்பது. பாதத்தில் நாடி நன்றாகத் துடித்தாலும் ஏமாந்துவிடாதீர்கள்.

2. காலில் வலை போட்டதுபோல ஊதாக் கோடுகள். கறுத்த தோலில் சட்டென்று தெரியாது, வெளிச்சத்தில் பாருங்கள்.

3. சிறுநீர் குறைவது, கால் முகம் வீங்குவது. இது சிறுநீரகம் பழுதாவதன் அடையாளமாக இருக்கலாம்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எண்ணெய் தேய்ப்பது, சூடு ஒத்தடம் கொடுப்பது வேண்டாம். “இன்ன தேதியில் ஆஞ்சியோகிராம் செய்தார்கள், இன்ன மருந்து சாப்பிடுகிறேன்” என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இயோசினோபில் கூடுவது சில நாளில் தணிந்தும் விடும்; அதனால் பழைய பரிசோதனைத் தாள்களையும் கொண்டுபோங்கள்.

இந்த அடைப்பைக் கரைக்கத் தனி மருந்து கிடையாது. கொலஸ்ட்ரால் மாத்திரை, ரத்தக் கொதிப்புக்கு மருந்து, சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பு, இவைதான் சிகிச்சை. சிகரெட்டை விட்டே ஆக வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, “ஆஞ்சியோகிராமே வேண்டாம்” என்று யாரும் பயந்து ஓட வேண்டாம். இந்த நோய் அபூர்வம், மாரடைப்புதான் அதிகம். செய்துகொண்டு வந்த பிறகு, சில வாரங்களுக்குத் தினமும் கால்விரல்களைப் பாருங்கள். வீட்டில் பெரியவருக்குக் கண் மங்கல் என்றால், பிள்ளைகள் பார்த்துச் சொல்லுங்கள்.