எல்லா ரோலும் ஒரே சர்வரிலா?

கேள்வி: மைக்ரோசாஃப்ட் கான்ஃபிகரேஷன் மேனேஜரின் எல்லா ரோல்களையும் தலைமையகத்தில் ஒரே சர்வரில் வைத்தால் என்ன? எங்களிடம் மொத்தம் 600 கணினிகள்தான், கிளைகளும் உண்டு.

பதில்: எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் தாராளமாக வைக்கலாம். ஒரு மேனேஜ்மென்ட் பாயின்ட் 25,000 கணினிகள் வரையும், ஒரு டிஸ்ட்ரிபியூஷன் பாயின்ட் 4,000 வரையும் தாங்கும். ஆனால் ரோலைப் பிரிக்க வேண்டுமா என்பதை முடிவுசெய்வது எண்ணிக்கையல்ல, தலைமையகத்துக்கும் கிளைக்கும் இடையிலான இணைப்பில் அந்த ரோல் ஏற்றும் சுமைதான். மேனேஜ்மென்ட் பாயின்ட் அனுப்புவது சிறுசிறு கட்டளை விவரங்கள். டிஸ்ட்ரிபியூஷன் பாயின்ட் அனுப்புவதோ மென்பொருள் கோப்புகளையே. 5 ஜிபி விண்டோஸ் இமேஜை ஒரு கிளையின் 40 கணினிகளும் தனித்தனியே இழுத்தால் 200 ஜிபி அந்த மெல்லிய இணைப்பில் வந்தாக வேண்டும். கிளையிலேயே டிஸ்ட்ரிபியூஷன் பாயின்ட் இருந்தால் 5 ஜிபி ஒரே தடவை, அதுவும் நீங்கள் குறிக்கும் இரவு நேரத்தில் வந்து சேரும். அந்த டிஸ்ட்ரிபியூஷன் பாயின்டைக் கிளையின் நெட்வொர்க் எல்லைகள் அடங்கிய பவுண்டரி குரூப்போடு இணைக்க மறக்காதீர்கள். கணினிகள் அதை வைத்துத்தான் பக்கத்து சர்வரை அடையாளம் காண்கின்றன.

கூடுதல் சர்வர் கூடுதல் செலவுதானே என்பீர்கள். நியாயம்தான். ஆனால் டிஸ்ட்ரிபியூஷன் பாயின்ட் ரோலுக்கு சர்வரே வேண்டியதில்லை, சிறிய கிளைக்கு ஒரு சாதாரண விண்டோஸ் கணினி போதும். அப்படியானால் மேனேஜ்மென்ட் பாயின்டையும் அங்கே அனுப்பலாமா? வேண்டாம். அது கான்ஃபிகரேஷன் மேனேஜரின் தரவுத்தளத்தோடு ஓயாமல் பேசுவது. தரவுத்தளத்துக்கு அருகிலேயே இருக்கட்டும்.