மாதுளை வித்தும் மகிழமரமும்

அப்பாசியர் காலத்துப் பாக்தாதில் கிரேக்கரின் மருத்துவமும் தத்துவமும் அரபியில் பெயர்க்கப்பெற்று உலகிற்கு வழங்கப்பெற்றன. ஆயின் கிரேக்கரின் கதைக் காவியங்களுக்கு அந்த வாய்ப்பு அன்று கிட்டவில்லை. ஓமரின் இலியத்து முழுமையாக அரபிக் கவிதை வடிவம் பெற்றது 1904இல்தான். பெயர்த்தவர் சுலைமான் அல்-புஸ்தானி. அறிவு நூல்கள் கடல் கடந்த அளவிற்குக் கதைகள் கடக்கவில்லை. எனினும் ஒத்த கதைகள் வெவ்வேறு மண்ணில் தாமே முளைத்தலும் உண்டு. இராயபுரத்துத் துறைமுக இரைச்சலையும் எண்ணூர் நெடுஞ்சாலையின் லாரி வரிசையையும் கடந்து திருவொற்றியூரை அடைவோமாயின், கிரேக்கரின் பருவகாலக் கதையோடு வைத்து எண்ணத்தக்க ஒன்றை அங்கே காண்கின்றோம்.

முதலில் கிரேக்கக் கதையை நோக்குவோம். விளைநிலத் தெய்வமாகிய திமீட்டரின் மகள் பெர்செபொனி. அவள் பூக் கொய்துகொண்டிருந்தபோது நிலம் பிளந்தது. கீழுலக வேந்தன் ஹேடீஸ் அவளைக் கவர்ந்து சென்றான். தந்தை ஜீயஸ் இதற்கு முன்னரே இசைந்திருந்தான். மகளைத் தேடித் திரிந்த தாய் சினந்து விளைச்சலை நிறுத்தினாள். உலகம் பசியால் வாடவே ஜீயஸ் மகளை மீட்க ஆள் விடுத்தான். ஆயினும் அவள் கீழுலகில் மாதுளை வித்தினை உண்டுவிட்டாள். அதனால் ஆண்டில் ஒரு பகுதி அங்கும் எஞ்சிய பகுதி தாயிடத்தும் வாழ வேண்டியவளானாள். திமீட்டரைப் பாடும் பழம்பாடல் மூன்றில் ஒரு பங்கு கீழுலகிற்கு என்னும். உரோமக் கவிஞர் ஓவிது சரிபாதி என்பார். அவள் பிரிந்த காலம் வறட்சி. திரும்பிய காலம் வசந்தம்.

ஓவியரும் சிற்பியரும் இக்கதையில் பெரிதும் விரும்பியது கவர்தற் காட்சியையே. பெர்னினி 1621-22இல் செதுக்கிய பளிங்குச் சிலை உரோமில் உள்ளது. வேந்தனின் விரல்கள் அவள் தொடையில் அழுந்த, கல் தசையாகவே குழைகின்றது. அவள் கன்னத்தில் கண்ணீர்த்துளி. திறத்தில் இதனை விஞ்சுதல் அரிது. எனினும் நம் நெஞ்சில் நிற்பது வேறொன்று. 1977இல் மனோலிஸ் ஆந்த்ரோனிகோஸ் வடகிரேக்கத்து வெர்கினாவில் அகழ்ந்த கல்லறையுள், கி.மு. 4ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் வெளிப்பட்டன. ஒரு சுவரில் விரைந்தோடும் தேரும் கைகளை விரித்துக் கதறும் பெண்ணும். மற்றொரு சுவரில் பாறைமேல் தனித்து அமர்ந்திருக்கும் ஒருத்தி. அவளைத் திமீட்டர் என்றே அறிஞர் கொள்வர். பிரிந்து செல்பவளுக்கு ஒரு சுவர் தந்த ஓவியன், பின்தங்கியவளின் துயரத்திற்கும் ஒரு சுவரை ஒதுக்கினான்.

இனித் திருவொற்றியூருக்கு வருவோம். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தின்படி, ஞாயிறு என்னும் ஊரிற் பிறந்த சங்கிலியார் மணம் மறுத்து, ஒற்றியூரில் இறைவனுக்குப் பூமாலை தொடுத்து வாழ்ந்தார். பெர்செபொனியைப் போலவே இவரும் பூக்களிடையே காணப்பெற்றவர். அவரைக் கண்டு விரும்பிய சுந்தரருக்குத் திருவாரூரில் பரவையார் என்னும் மனைவியார் முன்னரே இருந்தார். 'பிரியேன்' எனச் சூளுரைக்க வேண்டிய நிலை வந்தது. கருவறையில் சூளுரைக்குங்கால் இறைவன் மகிழமரத்தின்கீழ் எழுந்தருள வேண்டுமெனச் சுந்தரர் வேண்டிக்கொண்டார். இறைவனோ சங்கிலியார் கனவில் தோன்றி, மகிழின்கீழே சூள் வாங்குமாறு உணர்த்தினான்! ஜீயஸைப் போலவே இங்கும் இருபுறமும் இசைபவன் தலைவனே.

அங்கே மாதுளை வித்து. இங்கே மகிழமரத்துச் சூள். இரண்டும் ஓர் உயிரை ஓரிடத்தோடு பிணிப்பன. பிணிப்பை அசைப்பதும் இரண்டிடத்தும் வசந்தமே. தென்றல் வீசவும், ஆரூரின் வசந்த விழாவும் பரவையாரும் சுந்தரர் நினைவில் எழ, அவர் ஒற்றியூர் எல்லையைக் கடந்தார், கண்ணிரண்டும் இருண்டன. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்று, காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறு கண்ணும் பெற்றார் என்பது வரலாறு. (அவ்வெண்பாக்கத்துப் பழங்கோயில் இருந்த இடமே 1944இல் அமைந்த பூண்டி நீர்த்தேக்கத்தினுள் மூழ்கிப்போயிற்று, கோயில் பின்னர் வேறிடத்தில் எழுப்பப்பெற்றது. சென்னை குடிக்கும் நீரின் அடியில் அவ்வூர் கிடக்கின்றது.)

வேறுபாட்டையும் காணல் வேண்டும். கிரேக்கக் கதையில் சொல் தவறியவர் எவருமிலர்; ஆயினும் உலகமே பட்டினி கிடந்தது. தமிழ்க் கதையில் சொல் தவறியவன் ஒருவன். இருள் அவன் கண்ணில் மட்டுமே கவிந்தது, வயல்கள் வாடவில்லை. பிரிவு நிலத்தையே திரிப்பதாகத் தமிழர் எண்ணியதில்லையோ எனின், எண்ணினர். முல்லையும் குறிஞ்சியும் வேனிலால் தம் இயல்பு கெட்டுப் பாலையாகும் என்னும் கருத்தைச் சிலப்பதிகாரத்தில் காண்கின்றோம். அப்பாலைக்குரிய ஒழுக்கம் பிரிவே. அம்மரபை நன்கறிந்த சேக்கிழார், இங்கே அதனை நிலத்தின்மேல் ஏற்றாது தண்டனையாகத் தலைவன்மேல் ஏற்றினார். அறநோக்கில் இது உயர்ந்தது என்பது நம் கருத்து. ஆனால் ஒரு குறை நிற்கின்றது. பரவையாரின் ஊடலையும் அதனைத் தீர்க்க இறைவனே தூது நடந்ததையும் விரித்துப் பாடிய புலவர், கடற்கரையில் பின்தங்கிய சங்கிலியாரின் துயருக்கு அத்துணை இடம் தந்திலர். வெர்கினா ஓவியன் தந்த அந்த மற்றொரு சுவர் இங்கு இல்லை.

இக்கதைக்கு ஒற்றியூரில் கிடைத்த கலைவடிவம் கல்லினும் பெரிதும் நிகழ்ச்சியாகவே அமைந்தது. இரண்டாம் இராசாதிராசன் காலக் கல்வெட்டு, பங்குனி உத்திர விழாவின்போது அரசன் மகிழமரத்தின்கீழ் அமர்ந்து, சதுரானன பண்டிதர் முதலியோருடன் ஆளுடைய நம்பியின் திருப்புராணம் கேட்டதைக் கூறுகின்றது. ஆளுடைய நம்பி சுந்தரரே. சூள் உரைத்த அதே மரத்தடி. வசந்தத்தை ஒட்டிய திங்கள். இன்றும் மாசிப் பெருவிழாவில் 'மகிழடி சேவை' என்னும் பெயரால் சுந்தரர் - சங்கிலியார் திருமணம் அங்கே நிகழ்த்திக் காட்டப்பெறுகின்றது. மாணவர் ஒருமுறை அதனை நேரிற் காணல் நன்று. சங்கிலியார் அன்று மணக்கோலத்தில் இருப்பார்.