பிளாஸ்ரிக் கழிவும் வகுப்பறைப் பாடமும்

பாடசாலைகளிற் சூழல் தினம் கொண்டாடப்படும் முறையை இம்மலரைப் படிப்போர் யாவரும் அறிவர். ஒரு கட்டுரைப் போட்டி, ஒரு சுவரொட்டிப் போட்டி, பெரியோர் உரை, ஈற்றிற் சிற்றுண்டி. பிளாஸ்ரிக்கின் தீமையை அழகுற எழுதிய மாணவன், தன் பரிசினைப் பளபளக்கும் பிளாஸ்ரிக் உறையிற் பெற்றுச் செல்கிறான். இதனை எள்ளி நகைப்பது நம் நோக்கமன்று. தீயது என்று மனனஞ் செய்த பொருள், கையிலேயே இருந்தும் அவன் கண்ணுக்குப் புலனாகாமை ஏன் என்பதே ஆசிரியராகிய நம்முன் உள்ள வினா.

பொலித்தீன் 1933ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் இரசாயன ஆய்வுகூடமொன்றில் எதிர்பாராது கண்டறியப்பட்டது. இன்று கடைதோறும் தொங்கும் கைப்பிடிப் பைக்கு 1965இற் சுவீடன் நாட்டு நிறுவனமொன்று ஆக்கவுரிமை பெற்றது. ஆகவே, 'இப்பை மண்ணில் ஐந்நூறு ஆண்டு கிடக்கும்' என்று படிக்கும் மாணவன், 'அதைக் கண்டவர் யார், சேர்?' என வினவுவானாயின் அவனைக் கடிதல் தகாது. அது கண்ட கணக்கன்று. ஆய்வாளர் மதித்துரைக்கும் கணக்கு. நாம் உறுதியாகக் கூறத்தக்கது இது: பொலித்தீன், காபன் அணுக்கள் சங்கிலிபோற் கோத்த நெடிய மூலக்கூறுகளால் ஆயது. வாழையிலையைச் சில கிழமைகளில் உக்கச்செய்யும் நுண்ணுயிர்களுக்கு அச்சங்கிலியை அறுத்தல் எளிதன்று. வெயில் அதனை நொறுக்கும்; நொறுங்கியது மறையாது, நுண்துகளாகும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை. சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளூடே இறங்கும் மழைநீரே நம் கிணறுகளை நிரப்புகின்றது. மேலே கிடப்பது கீழே இறங்கக்கூடும் என்பதை விளக்கப் படம் வரையவேண்டியதில்லை. வகுப்பைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்றாற் போதும்.

சட்டம் இல்லையோவெனின், உண்டு. 2017 சித்திரைப் புத்தாண்டு நாளன்று மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்ரெம்பர் முதலாந் திகதி தொடக்கம் லன்ச் சீற், ரெஜிபோம் உணவுப்பெட்டி முதலியன தடைசெய்யப்பட்டன. பிளாஸ்ரிக்கைத் திறந்தவெளியில் எரித்தலும் தடையாயிற்று. 2021இற் சிறு சஷே பைக்கற்றுகள், 2023 ஒக்ரோபரில் உறிஞ்சுகுழல், கரண்டி, பிளாஸ்ரிக் மாலை, பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டு எனப் பட்டியல் நீண்டது. இடையில், 2021இல், எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது நீர்கொழும்பை அண்டிய கரைகளில் வெண்மணிகளாய்ப் பிளாஸ்ரிக் குவிந்ததைப் படங்களிற் கண்டோம். இத்தனைக்குப் பின்னும் பல வளவுகளின் கோடியில் மாலைதோறும் புகை எழுகின்றது. பீ.வீ.சீ. கலந்த குப்பை தாழ்ந்த வெப்பத்தில் எரியும்போது டையொக்சின் என்னும் நஞ்சு பிறக்கும் என்பதை அந்தப் புகையருகே விளையாடும் பிள்ளையே முதலில் அறிதல் வேண்டும்.

இனி, கற்பிக்கும் முறைக்கு வருவோம். நாம் வகுப்பிற் கைக்கொள்வது எளியதோர் அட்டவணை. ஒருநாள் வகுப்பறைக் கூடையிற் சேர்ந்தவற்றை நிலத்திற் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது செய்த பணி, பணி செய்த நேரம், பின் சென்ற இடம் ஆகிய மூன்றையும் மாணாக்கர் எழுதுவர். பிஸ்கற் உறை பணி செய்தது கடையிலிருந்து வகுப்புவரை. உறிஞ்சுகுழல் ஐந்து நிமிடம். சோறு சுற்றிய தாள் அரை நாள். அதே மேசையில் ஏழாண்டு பழைமையான பிளாஸ்ரிக் அடிமட்டம் ஒன்றும் கிடக்கும். நூற்றாண்டு நிலைக்கவல்ல பொருளை ஐந்து நிமிடப் பணிக்கு ஏவுவதே குற்றம், பொருளன்று என்பதை அவ்வடிமட்டம் நம்மினும் நன்றாகக் கற்பிக்கின்றது. வைத்தியசாலையிற் சேலைன் ஏற்றும் குழாயைக் குறைகூறும் மாணவனும் இதன்பின் இரான். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தைக் கண்ட பழைய மாணவர்க்கு இது புதிதன்று. கிடைத்த பொலித்தீன் பையைக் கழுவிக் கொடியிற் காயவைத்து, கிழியும்வரை எடுத்தாண்ட வீடுகள் அக்காலத்திற் பல. பை அன்றும் இதே பைதான்.

போத்தலின் அடியில் முக்கோணத்துள் பொறித்த இலக்கத்தை வாசிக்கப் பழக்குவதும் நன்று. 1 என்றிருப்பின் அது பெற் வகை. மீள்சுழற்சிக்கு வாங்குவார் உளர். கறி தோய்ந்த தாளை வாங்குவார் அரியர்.

மாற்றுப்பொருள்களைப் பற்றிப் பேசுமிடத்து ஆசிரியர் சிலர் பழம்பெருமையில் மயங்கிவிடுகின்றனர். 'எல்லாவற்றிற்கும் பனையோலை' என்று முழங்குதல் எளிது. ஓலை எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று ஆராய்தலே பாடம். மீன் வாங்க உமல் தக்கது. நீர் வடிந்துவிடும், கழுவிக் காயவைக்கலாம். பனங்கட்டிக்குக் குட்டானினும் சிறந்த உறை இன்றுமில்லை. பிட்டுக்கு நீற்றுப்பெட்டியும் இடியப்பத்துக்கு ஈர்க்குத் தட்டும் ஆவியை விட்டு நீரைத் தேங்காது காப்பன. கறியை ஓலைப்பெட்டியிற் கொண்டுசெல்லல் இயலாது; அதற்கு மூடியுள்ள எவர்சில்வர்ப் பாத்திரமே வேண்டும். சோற்றுக்கு வாட்டிய வாழையிலை உண்டு. தயிருக்குச் சட்டி உண்டு. துணிப்பையோ, பருத்தி விளைவிக்கச் செலவாகும் நீரையும் உரத்தையும் எண்ணினால், பன்னூறு முறை எடுத்தாண்டாலன்றி நன்மை பயவாது. விழாவுக்கு விழா அச்சிட்டு வழங்கும் பைகள் அலுமாரியில் உறங்குவதால் யாது பயன்? 'உக்கும் பை' என விற்கப்படுவனவற்றுட் பலவும், ஏறத்தாழ அறுபது பாகை வெப்பமுள்ள பெருங் கூட்டெருத் தொட்டியிலேயே விரைந்து உக்குவன. வேலியோரத்தில் எறிந்தால் அவையும் நெடுநாட் கிடக்கும்.

ஓலைக்குப் பின்னால் ஒரு கை இருக்கின்றது என்பதையும் மறத்தலாகாது. போர்க்காலத்திற் காவலரணுக்கும் பதுங்குகுழிக்குமெனத் தறிக்கப்பட்ட பனைகளின் இடத்தில் வடலி வளர ஆண்டுகள் பல வேண்டும். சார்வோலை எடுத்து, காயவைத்து, வார்ந்து, பின்னி முடிக்கும் பெண்ணுக்கு அவளது நாட்கூலி கிடைக்கும் விலைக்கு உமல் விற்றாலன்றி அவளுடைய மகள் அதைக் கற்கமாட்டாள். பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இருந்துவரினும், இழைப்போர் பலரும் முதியோராகவே காணப்படுகின்றனர். பின்னுபவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து அரை நாள் இருத்துதல் பத்துச் சுவரொட்டிக்கு மேல். அவருக்கு அந்த அரை நாட்கூலியைக் கொடுத்தே அனுப்புதல் வேண்டும். பொன்னாடை போர்த்தி அனுப்புதல் போதாது.

இவ்விடத்திற் பத்தாந்தர மாணவனொருவன் எழுப்பிய வினாவைக் குறிப்பிடுதல் தகும். 'சேர், அம்மா சம்பளம் வாற அண்டைக்கு மட்டும்தான் பெரிய போத்தல் வாங்கேலும். மற்ற நாளில சின்னப் பைக்கற்றுத்தான். அவ என்ன செய்யிறது?' வகுப்பு வாயடங்கியது. சிறு உறையைத் தடுக்கும் சட்டம் முதலிற் சென்று தட்டும் கதவு எதுவென்பதை எந்தப் பாடநூலும் அவ்வளவு தெளிவாகக் கூறவில்லை. ஒரு குழுவினர், முன்னாளில் தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் போத்தல் கொண்டுசென்று அளந்து வாங்கியதுபோற் பிறவற்றையும் வாங்கலாமே என்றனர். அவர்களையே சந்திக் கடைக்கு அனுப்பினோம். எண்ணெயை இன்றும் அளந்து கொடுப்பதாகவும், சவர்க்காரத் தூளும் சம்போவும் பைக்கற்றிலன்றிக் கொழும்பிலிருந்து வருவதில்லை என்றும், பெரிய கலனில் வருமாயின் அளந்து விற்கத் தமக்குத் தடையில்லை என்றும் முதலாளி கூறினாராம். மொத்த வணிகஞ் செய்யும் பழைய மாணவர்கள் நம்மிற் பலர் உளர். அவ்வினாவை மாணாக்கர் கடிதமாக எழுதிவைத்திருக்கின்றனர். பெற விரும்புவோர் ஒன்பதாம் பத்தாம் வகுப்புத் தமிழாசிரியரிடம் கேட்டுப் பெறலாம்.