பனியாறு எவ்வளவு உருகியது? – ஒரு மூங்கில் கழியின் கணக்கு



ஐஸ் உருகினால் தண்ணீர் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஒரு பள்ளத்தாக்கையே அடைத்துக்கொண்டு கிடக்கும் பனியாறு ஒரு வருஷத்தில் எவ்வளவு உருகியது என்று எப்படி அளப்பது?

இமாசலப் பிரதேசம் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தில் சோட்டா ஷிக்ரி என்ற பனியாறு இருக்கிறது. நீளம் சுமார் 9 கிலோமீட்டர், பரப்பு சுமார் 15 சதுர கிலோமீட்டர். இதன் நீர் சந்திரா நதி வழியாகச் செனாப்பில் சேருகிறது. 2002 முதல் இந்திய, பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதை அளந்து வந்திருக்கிறார்கள். அதற்கு முக்கியமான கருவி என்ன தெரியுமா? மூங்கில் கழி!

கீழ்ப்பகுதியில்

ஐஸில் ஆழமாகத் துளை போட்டுக் கழியை இறக்கிவிடுவார்கள். லெவலிங்கில் ஸ்டாஃபைத் தூக்கிக்கொண்டு நாம் நகருவோம். இங்கே கழி ஐஸோடு உறைந்து நிற்கும். தரைதான் கீழே இறங்கும். போன வருஷக் கோடை முடிவில் கழி 1 மீட்டர் வெளியே தெரிந்தது, இந்த வருஷம் 4 மீட்டர் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 3 மீட்டர் ஐஸ் போய்விட்டது. ஐஸின் அடர்த்தி தண்ணீரில் சுமார் 0.9 பங்கு. ஆகவே இழப்பு 3 × 0.9 = 2.7 மீட்டர் தண்ணீர்.

மேல்பகுதியில்

அங்கே உருகுவதைவிடச் சேருவது அதிகம். குழி தோண்டி, போன கோடையின் அழுக்குப் படிந்த கெட்டி அடுக்கு வரைக்கும் ஆழம் பார்ப்பார்கள். பனியை எடை போட்டு அடர்த்தியும் கண்டுபிடிப்பார்கள். 2 மீட்டர் ஆழம், அடர்த்தி 0.4 என்றால் வரவு 0.8 மீட்டர் தண்ணீர்.

கூட்டல் கழித்தல்

2.7 செலவு, 0.8 வரவு. இரண்டுக்கும் சும்மா சராசரி எடுத்தால் தப்பாகிவிடும். பரப்பையும் சேர்க்க வேண்டும். கீழ்ப்பகுதி 5 சதுர கிலோமீட்டர், மேல்பகுதி 10 என்றால்:

செலவு: 5 × 2.7 = 13.5
வரவு: 10 × 0.8 = 8.0
நிகர இழப்பு: 5.5
5.5 ÷ 15 = 0.37 மீட்டர் (ஏறத்தாழ)

இது விளங்குவதற்காகப் போட்ட கணக்கு. உண்மையில் உயரவாரியாகப் பல பட்டைகளாகப் பிரித்து, பல கழிகள் நட்டுத்தான் கணக்கிடுவார்கள். ஐஸ் மேல் மெல்லிசாக மண் படிந்தால் உருகுவது கூடும். கனமாகக் கல் மூடினால் குறையும். ஆகவே ஒரே கழியை நம்ப முடியாது. செயற்கைக்கோள் படங்களிலிருந்து கிடைக்கும் உயர வித்தியாசத்தோடும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

2002-க்குப் பிறகான வருஷங்களில் சோட்டா ஷிக்ரியின் சராசரி இழப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ அரை மீட்டர் தண்ணீர். "அரை மீட்டர்தானே" என்று நினைக்காதீர்கள். 15 சதுர கிலோமீட்டரால் பெருக்கினால் 75 லட்சம் கன மீட்டர், அதாவது 750 கோடி லிட்டர்! அத்தனையும் திரும்பி வராத சேமிப்பு.

பனியாறு உருக உருக முதலில் ஆற்றில் தண்ணீர் கூடத்தான் செய்யும். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டால் ஏமாந்து போவோம். ஐஸ் சுருங்கிய பிறகு கோடை நீர் குறைய ஆரம்பிக்கும். அப்போது அணை கட்டுவதா, வாய்க்கால் வெட்டுவதா என்று யோசித்துப் பயனில்லை. முன்கூட்டியே எச்சரிப்பது அந்த மூங்கில் கழியின் ரீடிங்தான். ஃபீல்டு புக்கில் நாம் எழுதும் ஒவ்வொரு எண்ணும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

– சிவில் பிரிவு, இரண்டாம் ஆண்டு