சுழல்காற்றுக்குள் ஓர் 'ஆமை'

மாணவர்களே, 'டோர்னாடோ' எனும் சுழல்காற்று எங்கே தரையைத் தொடும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே அது மறைந்தும் விடும். அதனால்தான் அமெரிக்காவின் மத்தியச் சமவெளிகளில் ஆய்வாளர்கள் வாகனங்களில் அதைத் தேடிச் செல்கிறார்கள்.

ரேடார் இருக்கும்போது அருகில் போவானேன்?

ரேடார் அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் செல்கிறது, பூமியோ வளைந்தது. எனவே, தொலைவு கூடக்கூட அலை தரையைவிட்டு உயர்ந்துவிடுகிறது. மேகத்துக்குள் நடக்கும் சுழற்சி தெரியும். தரையை ஒட்டி நடப்பது தெரியாது. வீடுகளும் மனிதர்களும் இருப்பதோ தரையில்தான்.

கவிழ்ந்த பீப்பாய்

1980களில் 'டோட்டோ' எனும் பீப்பாய் வடிவக் கருவியைச் சுழல்காற்றின் பாதையில் வைக்க முயன்றனர். அதன் எடை சுமார் 180 கிலோகிராம். ஆயினும், 1984இல் ஒரு வலுக்குறைந்த சுழல்காற்றின் ஓரம் பட்டதுமே அது கவிழ்ந்தது. எடை மட்டும் போதாது. ஈர்ப்பு மையம் தாழ்வாக இருக்க வேண்டும் என்பதே இதில் நாம் கற்கும் பாடம்.

வென்ற 'ஆமை'

பொறியாளர் டிம் சமாராஸ் தட்டையான கூம்பு வடிவில் ஒரு கருவியை உருவாக்கினார். அதன் எடை ஏறத்தாழ 20 கிலோகிராம்தான். காற்று அதன்மேல் வழுக்கிச் சென்றுவிடும். 2003 ஜூன் 24ஆம் தேதி, சவுத் டகோட்டா மாநிலத்தின் மான்செஸ்டர் எனும் சிற்றூரைச் சுழல்காற்று அழித்தது. அதன் பாதையில் வைக்கப்பட்ட 'ஆமை' அசையவில்லை. ஒரு நிமிடத்திற்குள் காற்றழுத்தம் 100 ஹெக்டோபாஸ்கல் குறைந்ததை அது பதிவு செய்தது. தரைமட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் மேலே ஏறினால்தான் அவ்வளவு குறையும்!

விலை

2013 மே 31ஆம் தேதி, ஓக்லஹோமாவின் எல் ரீனோ அருகே வீசிய சுழல்காற்று 4 கிலோமீட்டருக்கும் அதிக அகலம் கொண்டது. அது திடீரெனத் திசையும் வேகமும் மாறியதில் சமாராசும், அவருடைய மகன் பாலும், சக ஆய்வாளர் கார்ல் யங்கும் உயிரிழந்தனர். பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கே இந்நிலை என்றால், காணொளிக்காகப் புயலைத் துரத்துவது எவ்வளவு ஆபத்து என்று எண்ணிப் பாருங்கள்.

செய்து பாருங்கள்

ஒரே எடையுள்ள களிமண்ணில் உயரமான உருளை ஒன்றும் தட்டையான கூம்பு ஒன்றும் செய்யுங்கள். இரண்டையும் ஒரு பலகையில் வைத்து, அதன் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். எது முதலில் கவிழ்கிறது? ஏன்?